படகில் கிடைத்த ஓய்வு

பொதுக்காலம் 16-ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: மாற்கு 6: 30-34



இன்றைய நற்செய்தியில் மாற்கு ஒரு சிறிய செய்தியைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். இயேசு இருவர் இருவராக அனுப்பிய திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். செய்ததையும் கற்பித்ததையும் ஆவலோடு அவரிடம் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கூட்டம் போனால் மறு கூட்டம் வந்து நிற்கிறது. சோற்றில் கை வைக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

தோவாளைப் பகுதி மக்களுக்கு இந்த நிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊர் உறங்கும்போதே பூச்சந்தை விழித்துக்கொள்கிறது. பிச்சியும் மல்லியும் அரளியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. விலை பேச வேண்டும், எடை போட வேண்டும், கேரளத்துக்குப் போகிற வண்டியில் நேரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். பூ யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏற ஏற அது வாடும். வாட வாட விலை இறங்கும். சந்தை கலைந்த பிறகு வீட்டில் பூக்கட்டு தொடங்குகிறது. அதற்கிடையே சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதானவர்களின் மருந்து, குழுக்கடனின் தவணை. ஒருநாள் சும்மா இருந்தால் ஒருநாள் கூலி போய்விடும். ஓணம் நெருங்கிவிட்டாலோ இரவு பகல் தெரியாது.

இப்படிக் களைத்தவர்களைப் பார்த்துத்தான், தனிமையான ஓரிடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறச் சொல்லி இயேசு அழைக்கிறார். சீடர்கள் யாரும் ஓய்வு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பணி வெற்றியாக முடிந்த மகிழ்ச்சியில் அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் களைத்திருப்பது அவர்களுக்கே தெரியவில்லை, இயேசுவுக்குத் தெரிகிறது. இன்னும் நன்றாக வேலை செய்யுங்கள் என்று அவர் ஊக்கப்படுத்தவில்லை. வெற்றி விழாவுக்கும் அழைத்துப் போகவில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்கு அழைக்கிறார்.

அடுத்து நடப்பது நமக்கு ஆறுதல் தரக்கூடியது. அவர்கள் படகில் ஏறிப் போகிறார்கள். மக்கள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் கரை வழியே ஓடி, படகு வந்து சேரும் முன்பே அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். கலிலேயக் கடல் என்பது உண்மையில் ஓர் ஏரிதான். நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 13 கிலோமீட்டர். அதன் கரையோரமாகப் படகில் போனால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கலாம். சீடர்களுக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான். இறங்கியதும் மறுபடியும் கூட்டம், மறுபடியும் பணி. ஆயினும் அந்தச் சிறிய ஓய்வை வீண் என்று நற்செய்தி சொல்லவில்லை. கரையில் நின்ற கூட்டத்தைக் கண்டு இயேசு எரிச்சல் அடையவில்லை, பரிவு கொண்டார் என்று சொல்கிறது. இந்தப் படகுப் பயணத்தைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு ஓர் அழகான பழைய சொல் இருக்கிறது: ஞான ஒடுக்கம். ஒடுங்குதல் என்றால் அடங்குதல், சிதறியது ஒன்றுகூடி உள்ளே திரும்புதல். நாலா பக்கமும் ஓடுகிற மனத்தைச் சில நாள் கூட்டிச் சேர்த்து இறைவன் முன் வைப்பதே ஒடுக்கம். இன்று நாம் பெரும்பாலும் தியானம் என்று சொல்கிறோம். தவக்காலத்தில் பங்கில் மூன்று நாள் நடக்கும் தியானம் எல்லாருக்கும் தெரியும். கேரளத்தில் சாலக்குடிக்கு அருகிலுள்ள போட்டாவுக்குப் பேருந்திலும் ரயிலிலும் குடும்பமாகப் போய் வந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அங்கே பாடல் உண்டு, போதனை உண்டு, சாட்சியம் உண்டு. அவற்றால் மனம் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் ஒடுக்கம் என்ற சொல்லுக்குள் இருக்கும் இன்னொன்றை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம். அது மௌனம். பிறர் பேசக் கேட்பதற்கு மட்டுமல்லாமல், பேச்சு நின்ற பிறகு எஞ்சியிருப்பதைக் கேட்பதற்கும் ஒதுங்கிப் போவது.

அரசர்கள் முதல் நூலில் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா இப்படித்தான் ஒதுங்குகிறார். அரசி ஈசபேலுக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, சாவு வந்தால் போதும் என்கிறார். வானதூதர் வந்து அவரைத் திட்டவில்லை. தூங்க விடுகிறார், எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறார், மறுபடியும் தூங்க விடுகிறார், மறுபடியும் சாப்பாடு கொடுக்கிறார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணம். அங்கே பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று அடிக்கிறது. ஆண்டவர் அதில் இல்லை. நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லை. கடைசியில் வந்த மெல்லிய ஒலியைக் கேட்டுத்தான் எலியா முகத்தை மூடிக்கொள்கிறார்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இந்த மாதங்களில் வீசும் காற்றை நாம் அறிவோம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்று அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் காதில் விழாது. நம் உள்ளமும் பல நாட்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டவர் பேசாமல் இல்லை, காற்றின் இரைச்சலில் நமக்குக் கேட்கவில்லை.

திருச்சபையில் ஒடுக்கத்துக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தவர் புனித இஞ்ஞாசியார். போரில் கால் அடிபட்ட அந்த வீரர் 1522-ல் ஸ்பெயின் நாட்டின் மன்ரேசா என்ற சிற்றூருக்கு வந்தார். சில நாள் மட்டும் தங்க நினைத்தவர் ஏறக்குறைய ஓர் ஆண்டு தங்கிவிட்டார். அங்கே தம் உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சி, சோர்வு, குழப்பம் எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்துக் குறித்து வைத்ததிலிருந்து பிறந்ததுதான் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல். 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். முழுப் பயிற்சி முப்பது நாள். அதன் சுருக்கமே இன்று துறவியர் ஆண்டுதோறும் செய்யும் எட்டு நாள் தியானமும், பொதுநிலையினர் செய்யும் மூன்று நாள் தியானமும்.

இந்த முப்பது நாள் மௌனத்துக்கும் நம் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1534-ல் பாரிஸ் நகரில் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் அந்தப் பயிற்சியைச் செய்த ஓர் இளம் பேராசிரியர்தான் நம் கோட்டாறு சவேரியார். பத்து ஆண்டுகள் கழித்து, 1544-ல், திருவிதாங்கூர்க் கரையோர ஊர்களில் நடந்து நடந்து பணியாற்றினார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போனதாகக் கடிதம் எழுதியவர் அவர். அந்த ஓயாத உழைப்பை நாம் புகழ்கிறோம்; அதற்கு முன் இருந்த முப்பது நாள் அமைதியை அவ்வளவாக நினைப்பதில்லை. வேர் மண்ணுக்குள் இருப்பதால் கண்ணில் படாது. ஆனால் பூ அதிலிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு, குறிப்பாக இளையோருக்கு, ஒரு கேள்வி எழலாம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று எல்லா இடத்திலும் பேசுகிறார்களே, கைப்பேசியில்கூட அதற்குச் செயலி இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? கத்தோலிக்கர்கள் அதைச் செய்யலாமா?

அது என்ன என்பதை முதலில் பார்ப்போம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது, நடக்கும்போது நடப்பதையும் உண்ணும்போது உண்பதையும் உணர்வது, மனம் ஓடிப்போனால் கோபப்படாமல் அதை மெல்லத் திருப்பிக் கொண்டு வருவது. இதன் வேர் புத்த சமயத் தியான மரபில் இருக்கிறது. 1979-ல் ஜான் கபாட் சின் என்பவர் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்ற நோயாளிகளுக்காக இதை எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-ல் ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதியது. பிற மரபுகளின் முறைகளில் பயனுள்ளவற்றை ஏற்கலாம், ஆனால் கிறிஸ்தவச் செபத்தின் உட்பொருள் மறைந்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். உடல் தளர்ந்து மனம் இதமாக இருப்பதை அப்படியே தூய ஆவியாரின் ஆறுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அது எச்சரித்தது.

நம் மாநிலத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950-ல் பிரெஞ்சுக் குருக்கள் மோன்சானின், லெ சோ ஆகிய இருவரும் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1968-ல் அங்கே வந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் 1993-ல் தாம் இறக்கும் வரை அதை வழிநடத்தினார். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் 1996 முதல் போதி செண்டோ என்ற தியான இல்லம் இயங்கி வருகிறது. இயேசு சபைக் குருவான ஆமா சாமி அடிகளார் தொடங்கியது அது. பல நாட்டவரும் பல சமயத்தவரும் அங்கே வந்து வாய் பேசாமல் அமர்ந்திருந்து போகிறார்கள்.

ஆகவே மூச்சைக் கவனிப்பதில் தவறு எதுவும் இல்லை. அதை வீட்டு வாசலுக்கு ஒப்பிடலாம். வாசலில் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பினாலும் நல்லதுதான். ஆனால் நமக்கு உள்ளே ஒருவர் காத்திருக்கிறார். கவனிப்பதோடு நின்றுவிடாமல், நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சேர்வதே கிறிஸ்தவ ஒடுக்கம்.

அந்தக் கவனம் என்னவென்று அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களைப் பாருங்கள். அரளிப் பூவை ஒவ்வொன்றாக மடித்து, வண்ணம் மாற்றி, கட்டம் கட்டமாகப் பின்னுகிறார்கள். ஒரு மடிப்பு பிசகினால் அடுத்த வரிசையில் தெரிந்துவிடும். கையும் கண்ணும் மனமும் ஒரே இடத்தில் இருக்கும் அந்த நிலையைக் கடவுள் முன்னும் கொண்டுபோய் வைப்பதுதான் தியானம்.

சரி, மூன்று நாள் மௌனத் தியானத்துக்குப் போனால் என்ன நடக்கும்? போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வந்ததும் கைப்பேசியை அணைத்து வைப்பீர்கள். பேச்சு நிறுத்தப்படும். நற்செய்தியிலிருந்து ஒரு சிறு பகுதி தரப்படும். அதை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலைந்து முறை தனியாக அமர்ந்து செபிக்க வேண்டும். இடையில் நடக்கலாம், மரத்தடியில் உட்காரலாம். நாளுக்கொருமுறை வழிகாட்டியைச் சந்தித்து உள்ளத்தில் நடப்பதைச் சொல்லலாம். ஒப்புரவு அருளடையாளமும் திருப்பலியும் உண்டு.

முதல் நாள் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். வெட்கப்பட வேண்டாம். எலியாவுக்கும் முதலில் தூக்கம்தான் தரப்பட்டது. பல மாதக் களைப்பு அன்று வெளியே வருகிறது. தூக்கம் தெளிந்ததும் பரபரப்பு வரும். அடுப்பை அணைத்தோமா, கடைக்காரர் பணம் கொடுத்திருப்பாரா என்று மனம் ஊருக்கும் தியான இல்லத்துக்குமாக அலையும். இரண்டாம் நாள்தான் கடினமான நாள். சத்தம் அடங்கியதும், அதன் அடியில் கிடந்தவை மேலே வரும். மைனி எப்போதோ சொன்ன ஒரு சொல், பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனக்கசப்பு, அப்பா இறந்தபோது அழ முடியாமல் அடக்கிய அழுகை. பலர் இந்தக் கட்டத்தில் பயந்து, பக்கத்து அறைக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசாமல் அதை ஆண்டவரிடம் காட்டினால் போதும். மறைக்கவும் வேண்டாம், தோண்டித் துருவவும் வேண்டாம். மூன்றாம் நாள், எல்லாருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு, ஓர் அமைதி வரும். பிரச்சினை தீர்ந்திருக்காது, ஆனால் அதன் முன் தனியாக நிற்கவில்லை என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல வாரங்களாகத் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணத்தோடு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வானதூதர் எலியாவுக்கு அப்பமும் தண்ணீரும் கொடுத்தது போல மருந்தும் கடவுளின் கொடைதான். தியானம் மருந்துக்கு மாற்று அல்ல. "செபித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி யாரும் யாரையும் தடுக்கக் கூடாது.

அன்பர்களே, இவ்வளவும் கேட்ட பிறகு, பூ கட்டிக்கொண்டே வானொலி கேட்கும் ஒரு தாய் மனத்துக்குள் சொல்வது எனக்குப் புரிகிறது: "ஃபாதர், நல்லாத்தான் சொல்லுதிய. நான் மூணு நாள் போனா வீட்டை யாரு பாக்க?" நியாயமான கேள்வி. ஒரு குடும்பத்தில் ஓய்வு மிக அதிகமாகத் தேவைப்படுகிறவரே பெரும்பாலும் ஓய்வுக்குப் போக முடியாதவராக இருக்கிறார். தியான இல்லத்துக்குப் போவதற்கு நேரமும் பணமும் உள்ளவர்கள் மட்டுமே போனால், இயேசுவின் அழைப்பைப் பாதிப்பேரிடமிருந்து நாமே மறைத்துவிட்டோம் என்று பொருள். திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1929-ல் இதற்காகவே எழுதிய சுற்றுமடலில், தொழிலாளர்கள் உட்படப் பொதுநிலையினர் எல்லாருக்கும் இந்தத் தியானம் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது.

எனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய் அல்ல. கணவன்மார்களே, பிள்ளைகளே, அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீடர்களும் கேட்கவில்லை. இரண்டு நாள் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அன்பியத்தில் பக்கத்து வீட்டார் சேர்ந்து, படுக்கையில் இருக்கும் பெரியவரை முறைவைத்துக் கவனியுங்கள். பங்குப்பேரவையினர் திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், தினக்கூலிக்குப் போகும் சிலருடைய மூன்று நாள் கூலியை ஈடுகட்டலாம். ஓணத்துக்கு முன் ஒரு குழு, ஓணம் முடிந்து ஒரு குழு என்று திட்டமிடலாம். ஒருவர் ஒடுக்கத்துக்குப் போக, பலர் சேர்ந்து வழி விட வேண்டும். அந்த வழி விடுதலும் ஒரு செபமே.

அப்படியும் போக முடியாதவர்களை இஞ்ஞாசியார் மறந்துவிடவில்லை. தம் நூலின் முன்னுரையில் பத்தொன்பதாவது குறிப்பாக, வேலையையும் பொறுப்பையும் விட்டுவிட்டு வர முடியாதவர்கள் தம் வீட்டிலிருந்தே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சியைச் செய்யலாம் என்று வழி காட்டினார். ஒன்றரை மணி நேரமும் முடியாதா? ஆன்மசோதனைக்குக் கால் மணி நேரம் போதும். அன்றைய நாளுக்கு நன்றி சொல்லுங்கள். தெளிவு கேளுங்கள். காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்: எங்கே மனம் நிறைந்தது, எங்கே சுருங்கியது? தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். சந்தையிலிருந்து திரும்பும் பேருந்தில்கூட இதைச் செய்யலாம்.

அரை நாள் கிடைக்குமானால் நமக்கு அருகிலேயே காற்றாடிமலை இருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அதற்கு முன் கட்டுண்டும் சிறையிலும் கிடந்த ஆண்டுகளில் பணியோ பதவியோ அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. செபம் மட்டுமே மிஞ்சியது. இறப்பதற்கு முன் அவர் அங்கே முழந்தாளிட்டுச் செபித்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த பிறகு கூட்டம் கூட்டமாகப் போகிறோம். ஒருமுறை கூட்டமில்லாத ஒரு நாளில், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, எதையும் கேட்காமல் ஒருமணி நேரம் அங்கே அமர்ந்திருந்து பாருங்கள்.

ஒடுக்கம் பலித்ததா என்பதை அறிய ஓர் அடையாளம் இன்றைய நற்செய்தியிலேயே இருக்கிறது. படகைவிட்டு இறங்கிய இயேசுவின் கண்ணில் முதலில் பட்டது, ஆயனில்லா ஆடுகளைப் போலத் தவித்து நின்ற மக்கள். தியானத்திலிருந்து திரும்பியதும் வீட்டில் இருக்கிறவர்கள் நமக்குத் தொல்லையாகத் தெரிகிறார்களா, களைத்துப் போன மனிதர்களாகத் தெரிகிறார்களா? என் அமைதியைக் கெடுக்காதே என்று பிள்ளையிடம் எரிந்து விழுந்தால், போனது வெறும் விடுமுறை. அந்தப் பிள்ளையின் முகத்தைக் கூடுதலாக ஒரு நிமிடம் பார்க்க முடிந்தால், படகில் நம்மோடு இயேசு இருந்தார்.

செபிப்போம்: ஆண்டவரே, நாங்கள் சொல்லும் முன்பே எங்கள் களைப்பை அறிந்தவரே, உம்மோடு ஒதுங்கியிருக்கச் சிறிது நேரத்தை எங்களுக்குத் தாரும். அந்த நேரத்தை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் மனத்தையும் தாரும். திரும்பி வரும்போது, காத்து நிற்பவர்களை உம் கண்களால் காணச் செய்யும். ஆமென்.